வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்

சென்ற இதழில் மார்பகக் கட்டி பற்றி ஒரு வாசகிக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே விஷயம்தான். பலர் "பெயர் போட வேண்டாம்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்கள், அதனால் யார் பெயரும் போடவில்லை. இந்த முறை எல்லாக் கேள்வியும் மார்பகம் பற்றியே இருக்கட்டும்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 46 வயது. குளிக்கும்போது இடது மார்பில் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. பொங்கலுக்கு முன்னால் பார்த்தது, இப்போது சித்திரை பிறந்துவிட்டது. கொஞ்சமும் வலி இல்லை, அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர்தான் இருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, ஊசி குத்தினால் உள்ளே இருப்பது கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார். மார்பையே எடுத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: அம்மா, இந்த வாரத்துக்குள் போய்க் காட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். வலி இல்லை என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது, எனக்கு அதுதான் கவலை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலித்திருந்தால் மறுநாளே ஓடி வந்திருப்பீர்கள். வலிக்காததால்தான் பொங்கலில் இருந்து சித்திரை வரை நாள் போயிருக்கிறது, என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இது இரண்டு பொங்கலாகவே ஆகிவிடுகிறது. நீங்கள் சொல்லும் இடமும், அதாவது அக்குளை ஒட்டிய மேல்பக்கம், இந்த நோய் அதிகம் வருகிற இடம்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நீர்க்கட்டியாக இருக்கலாம், நார்க்கட்டியாக இருக்கலாம். ஆனால் 46 வயதில் புதிதாக வந்த கட்டியைக் கையால் தொட்டுப் பார்த்து மட்டும் யாராலும் முடிவு சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மூன்று விஷயம் செய்ய வேண்டும். டாக்டர் இரண்டு மார்பையும் அக்குளையும் கையால் பார்ப்பார், அடுத்து மேமோகிராமும் (மார்பை எக்ஸ்ரேயில் படம் எடுப்பது) ஸ்கேனும், அதன் பிறகு சற்றுத் தடிமனான ஊசியால் கட்டியில் இருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள், சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் "இது ஒன்றுமில்லை" என்றோ "இது இன்னது" என்றோ சொல்ல முடியும்.

ஊசி குத்தினால் பரவும் என்பது உண்மை இல்லை. முற்றிய நிலையில் வந்த ஒருவருக்கு ஊசி டெஸ்ட் எடுத்து, அடுத்த சில மாதத்தில் நிலைமை மோசமாகியிருக்கும். பார்த்தவர்கள் ஊசியால்தான் இப்படி ஆனது என்று முடிச்சுப் போட்டிருப்பார்கள். எனக்கு உண்மையான பயம் வேறு ஒன்றில் இருக்கிறது. ஊசி டெஸ்ட்டே செய்யாமல், "சின்னக் கட்டிதானே, எடுத்துப் போட்டுவிடலாம்" என்று நேரே கத்தி வைக்கிற இடங்கள் இருக்கின்றன. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே தழும்பில் மறுபடி வளர்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முதலில் என்ன எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் டெஸ்ட் ரிசல்ட் வராமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். எந்த ரிப்போர்ட்டையும் தொலைக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

மார்பை எடுப்பது பற்றி. சின்னதாக இருக்கும்போது வந்தால், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, அப்புறம் கரண்ட் வைக்கிற சிகிச்சை, அதாவது கதிர்வீச்சு, கொடுத்தால் பலருக்குப் போதும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இப்படிச் செய்துகொண்ட பெண்களையும் முழு மார்பையும் எடுத்துக்கொண்ட பெண்களையும் 20 வருடம் தொடர்ந்து பார்த்து, உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று 2002இல் வெளியிட்டார்கள். மார்பு போய்விடுமே என்ற பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, அந்தத் தாமதத்தாலேயே முழுவதும் எடுக்க வேண்டிய நிலைக்கு ஆளானவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆண் டாக்டர் என்றால் கூச்சம் வருவது இயல்புதான். கூட ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், அது உங்கள் உரிமை, அவர்களும் மறுக்க மாட்டார்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அங்கே இலவசம், செவிலியர்களே பார்த்து மேலே அனுப்புவார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். செலவை நினைத்துத் தயங்கினால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது, புற்றுநோய் சிகிச்சையும் அதில் வரும். அட்டை இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். இன்றைக்கு ராத்திரியே வீட்டுக்காரரிடமோ மகளிடமோ சொல்லிவிடுங்கள், தனியாக இதைச் சுமக்க வேண்டாம்.

கேள்வி: வயது 23, கோவையில் ஐடி கம்பெனியில் வேலை. பீரியட்ஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறது, பஸ்ஸில் யாராவது இடித்தால் உயிர் போகிறது. வலது பக்கம் கோலிகுண்டு மாதிரி ஒன்று விரலுக்கு அகப்படாமல் நழுவி ஓடுகிறது. இணையத்தில் படித்துவிட்டு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

பதில்: பீரியட்ஸுக்கு முன்னால் வந்து, வந்ததும் குறைந்துவிடுகிற வலி, அதுவும் இரண்டு பக்கமும் என்றால், ஹார்மோன் ஏறி இறங்குவதால் வருவது. வேறு அறிகுறி ஏதும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் அது புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம். அளவு சரியாகப் பொருந்துகிற பிரா போட்டாலே பாதி குறையும். நழுவி ஓடுகிற அந்தக் கோலிகுண்டு, உங்கள் வயதில் பெரும்பாலும் நார்க்கட்டிதான், இருபதுகளில் நிறையப் பேருக்கு உண்டு, அது புற்றுநோயாக மாறுகிற கட்டி இல்லை. இருந்தாலும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள், நீங்களும் நானும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். மேமோகிராம் இப்போது வேண்டாம், இந்த வயதில் மார்பின் சதை அடர்த்தியாக இருப்பதால் அந்தப் படத்தில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும். நார்க்கட்டி என்று உறுதியானால் ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன், வளராமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது, குழந்தைக்கு ஏழு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். ஒரு மாதமாக வலது மார்பு சிவந்து வீங்கிச் சூடாக இருக்கிறது. பால்கட்டு என்று ஆன்டிபயாடிக் இரண்டு முறை கொடுத்தார்கள், குறையவில்லை. தோல் தடித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்த மாதிரி தெரிகிறது. மாமியார் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் சுரப்பு குறையும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை, வேலூரில் ஆய்வே செய்து 1988இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அது மருந்து இல்லை. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு மார்பு சிவந்து காய்ச்சல் வருவது சகஜம், சரியான ஆன்டிபயாடிக் கொடுத்து, பாலையும் எடுத்துவிட்டால் சில நாளில் அடங்கிவிடும். அப்படி அடங்காமல் ஒரு மாதம் ஆகி, தோலும் ஆரஞ்சுத் தோல் போலக் குழி குழியாக மாறியிருக்கிறது என்றால், மூன்றாவது முறையாக அதே மாத்திரையை விழுங்கக் கூடாது. அழற்சியோடு வருகிற ஒரு வகை மார்பகப் புற்றுநோய் இப்படித்தான் முகம் காட்டும், பல நேரம் கட்டியே இருக்காது. உள்ளே சீழ் கோத்திருந்தாலும் ஆன்டிபயாடிக் மட்டும் போதாமல் போகலாம். எதுவானாலும் நாளைக்கே ஸ்கேன் எடுங்கள், சந்தேகம் இருந்தால் தோலில் இருந்தும் உள்ளே இருந்தும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கும்போது இதெல்லாம் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்கேனோ மேமோகிராமோ பாலைக் கெடுக்காது. இடது பக்கம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: பள்ளி ஆசிரியை, 41 வயது. மாதாமாதம் நாமே தடவிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், அது பிரயோஜனம் இல்லை என்றும் சொல்கிறார்கள். மேமோகிராம் எப்போது எடுக்க வேண்டும்? அதன் கதிர்வீச்சே நோய் வரவைக்காதா?
– வாசகி, திருச்சி

பதில்: நல்ல கேள்வி டீச்சர், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சீனாவில் ஷாங்காய் நகரத்து ஜவுளி ஆலைகளில் வேலை செய்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் சுயபரிசோதனை சொல்லிக் கொடுத்துப் பல வருடம் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தபோது இறப்பு குறையவில்லை, தேவையில்லாத ஊசி டெஸ்ட்டுகள்தான் கூடியிருந்தன. பிரயோஜனம் இல்லை என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. நான் அதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க மாட்டேன். நம் பெண்கள் பலர் கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்த பிறகு வருகிறார்கள், தோல் உடைந்து புண்ணான பிறகு வருகிறவர்களும் உண்டு. 2022இல் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது, சுமார் 98,000 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கு. இவ்வளவு பேர் இறப்பதற்குத் தாமதம் ஒரு பெரிய காரணம். ஆகவே தேர்வு எழுதுவது போலப் பதற்றத்தோடு தடவ வேண்டாம், ஆனால் உங்கள் மார்பு எப்போதும் எப்படி இருக்கும் என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீரியட்ஸ் ஆரம்பித்து ஏழெட்டு நாள் கழித்து, சோப்புக் கையோடு குளிக்கும்போது, விரல் நுனியால் இல்லாமல் மூன்று விரலின் தட்டையான பகுதியால், அக்குள் வரை. மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். பிறகு கண்ணாடி முன்னால் கைகளை மேலே தூக்கி ஒரு பார்வை. ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறதா, வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டதா, பிழியாமலே ரத்தம் கலந்த நீர் பிராவில் கறையாகிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, ஒரு மார்பு திடீரென்று பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறவியிலேயே காம்பு உள்ளே இருந்தால் அதில் ஒன்றும் இல்லை. மாற்றம்தான் முக்கியம்.

இதைவிட உறுதியான செய்தி மும்பையில் இருந்து வந்தது. டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை, பெரும்பாலும் குடிசைப் பகுதிகளில் வசித்தவர்களை, 20 வருடம் கவனித்தது. அதில் பாதிப் பேரை மட்டும், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர் பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான், எந்த இயந்திரமும் இல்லை. அப்படிப் பரிசோதிக்கப்பட்ட, 50 வயதைத் தாண்டியவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளவயதுக்காரர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மேமோகிராம் இல்லாத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நம் சுகாதார நிலையத்தில் செவிலியர் பரிசோதிக்கக் கூப்பிட்டால் வெட்கப்பட்டு நழுவுகிற அம்மாக்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், ஆசிரியை சொன்னால் ஊரில் கேட்பார்கள்.

மேமோகிராம் 40 வயதில் இருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எடுக்கலாம் என்பது அமெரிக்காவில் 2024இல் வந்த பரிந்துரை. வசதி இருந்தால் நீங்கள் ஆரம்பிக்கலாம். அதில் உடம்புக்குள் போகிற கதிர்வீச்சு, சும்மா வீட்டில் இருந்தாலே மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் ஏழு வாரத்தில் நம்மேல் படுகிற அளவுதான். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்துவது சில நொடி வலிக்கும், பீரியட்ஸ் முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. எடுத்ததில் ஒன்றும் இல்லை என்று வந்து, ஆனால் கையில் கட்டி தட்டுப்பட்டால், படத்தை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். மேமோகிராமுக்குத் தப்புகிற கட்டிகள் உண்டு.

கேள்வி: என் அம்மாவுக்கு 42 வயதில் வந்தது, நல்லபடியாக இருக்கிறார். சித்தி 38 வயதில் வந்து தவறிவிட்டார். எனக்கு 34. தங்கைக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று வீட்டில் வாயையே திறக்க விடுவதில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டுப் பயம் புரிகிறது, ஆனால் அந்த மௌனம் உங்களையும் தங்கையையும்தான் முதலில் பாதிக்கும். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் பெரும்பாலானவர்களின் அம்மாவுக்கோ சகோதரிக்கோ அந்த நோய் இருந்ததில்லை. வம்சாவளியாக, ஒரு மரபணுக் கோளாறால் நேரடியாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். உங்கள் குடும்பம் அதில் சேருமா என்று பார்க்கத்தான் வேண்டும், இரண்டு பேருக்கு, அதுவும் இவ்வளவு சின்ன வயதில் வந்திருக்கிறதே. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்று இரண்டு மரபணுக்கள். இவற்றில் ஒன்று பழுதாக இருந்தால் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 60ஐத் தாண்டும், சினைப்பையிலும் வரலாம். பெற்றவரிடம் இருந்து பிள்ளைக்கு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு, அப்பா வழியாகவும் வரும். ரத்தப் பரிசோதனையை முதலில் அம்மாவுக்குச் செய்யுங்கள். நோய் வந்தவரிடம் எந்தக் கோளாறு என்று தெரிந்தால், உங்களுக்கும் தங்கைக்கும் அதை மட்டும் தேடிப் பார்க்கலாம். உங்களிடம் அது இல்லையென்றால் அந்தப் பாரம் அன்றோடு இறங்கிவிடும். இருந்தால் 25, 30 வயதில் இருந்தே வருடா வருடம் எம்ஆர்ஐ ஸ்கேன், பிறகு மேமோகிராம், தடுப்பு மாத்திரை, சிலருக்கு முன்கூட்டியே ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன, மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு முறை மார்பகத்தைக் காட்டிவிடுங்கள்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அதை மூடி மறைக்காமல் ஊர் ஊராகப் பேசி, நிதி திரட்டி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். எழுபது வருடம் கழித்து நாம் வீட்டுக்குள்ளேயே பேசத் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வராமல் தடுக்க என்ன சாப்பிட வேண்டும்? மஞ்சள், முள்சீத்தா ஜூஸ் குடித்தால் வராது என்கிறார்கள். கறுப்பு பிரா, சென்ட் இதெல்லாம் காரணமா?

பதில்: பிராவின் நிறத்துக்கும் கம்பிக்கும் சென்டுக்கும் இதில் பங்கு இருப்பதாக எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை. மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், அதற்கு மேல் அதன் தலையில் பாரத்தை ஏற்ற வேண்டாம். முள்சீத்தாவை நம்பிக் கீமோ சிகிச்சையை நிறுத்தியவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம் கையில் இருப்பது சில. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொழுப்புதான் தயாரிக்கிறது, அந்த வயதில் எடை ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஆகவே 45க்குப் பிறகு ஏறுகிற எடையை "வயசானால் அப்படித்தான்" என்று விடாதீர்கள், வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்கிற மாதிரி நடங்கள். மது கொஞ்சமாகக் குடித்தாலும் ஆபத்தைக் கூட்டும், பெண்கள் குடிப்பதில்லை என்று நாம் நினைத்துக்கொண்டு இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். தாய்ப்பால் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்தை நூற்றுக்கு நான்கு அளவு குறைக்கிறது, இரண்டு குழந்தைக்கும் ஒன்றரை வருடம் கொடுத்தவர் அதைக் கூட்டிக்கொள்ளலாம். மாதவிலக்கு நின்ற பிறகு வருகிற உஷ்ணத்துக்கும் வேர்வைக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜஸ்டினும் சேர்ந்த ஹார்மோன் மாத்திரையை வருடக்கணக்கில், டாக்டரைக் கேட்காமல், பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் செய்தவருக்கும் நோய் வரும். பெண்ணாக இருப்பதும் வயதாவதுமே பெரிய காரணங்கள். நோய் வந்த ஒரு அம்மாவிடம் போய் "பால் கொடுக்கலையா, என்ன சாப்பிட்டே" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. ஒரு பக்கக் காம்பில் மட்டும் அரிப்பு, தோல் உரிந்து கசிகிறது. ஆறு மாதமாக ஆயின்மென்ட் தடவுகிறார்.
– மகன், சேலம்

பதில்: சாதாரணப் படை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரே காம்பில் இருந்து, ஆயின்மென்ட்டுக்கு அடங்காமல் ஆறு மாதம் என்றால் அது பேஜட் நோயாக இருக்கலாம், உள்ளே புற்றுநோய் இருப்பதன் வெளி அடையாளம் அது. மேமோகிராமும், காம்பில் இருந்து சின்னச் சதைத் துணுக்குப் பரிசோதனையும் வேண்டும். அம்மா உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம் தம்பி, கூடவே போய் வாருங்கள்.

கேள்வி: நான் ஆண், 58 வயது, விவசாயம். காம்புக்குக் கீழே கல் மாதிரி ஒன்று. ஆம்பளைக்கு இதெல்லாம் வராது என்று சிரிக்கிறார்கள்.
– வாசகர், தர்மபுரி

பதில்: வரும் ஐயா. இந்த நோய் வருகிற நூறு பேரில் ஒருவரோ அதற்கும் குறைவோ ஆண்கள். அபூர்வம் என்பதால்தான் ஆண்கள் தாமதமாக வருகிறார்கள், மார்பில் சதை குறைவு என்பதால் கட்டி சீக்கிரமே தோலையும் தசையையும் பிடித்துக்கொள்கிறது. பரிசோதனை பெண்களுக்குச் செய்வதேதான், மேமோகிராம், ஸ்கேன், ஊசி. வயதான ஆண்களுக்குச் சில மாத்திரைகளாலும் கல்லீரல் கோளாறாலும் மார்பு வீங்குவதுண்டு, அது பெரும்பாலும் மிருதுவாக இருக்கும், கல் மாதிரி இருக்காது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவில் காலையிலேயே போய்ச் சீட்டு போடுங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.